ஷாம்பூவை விட்டுச் சீயக்காய்க்கு: முதல் இரண்டு மாதங்களுக்கு ஒரு வழிகாட்டி

சீயக்காய்க்கு மாறுகிறேன் என்று தொடங்குகிறவர்களில் நிறையப் பேர் சீக்கிரமே ஷாம்பூவுக்குத் திரும்பிவிடுகிறார்கள். "தலை பிசுபிசுன்னு இருக்கு, எண்ணெய் போகவே மாட்டேங்குது" என்பார்கள். இல்லாவிட்டால் "முடி நாராப் போச்சு" என்பார்கள். இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: ஷாம்பூ போட்ட கைப்பழக்கத்திலேயே சீயக்காயையும் தேய்ப்பது. எண்ணெய் கொஞ்சமாக இருக்க வேண்டும், கரைசல் நீர்க்க இருக்க வேண்டும், அலசுவது தாராளமாக இருக்க வேண்டும். கீழே வருகிற எல்லாம் இந்த மூன்றின் விரிவுதான்.

சீயக்காய் தேய்க்கும் கைப்பழக்கம் நம் வீடுகளில் அறுந்து ரொம்பக் காலம் ஆகவில்லை. ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கும் யோசனையைக் கடலூர்ச் சின்னி கிருஷ்ணன் தொடங்கிவைத்தார். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பூவை ஊர் ஊராகப் பெட்டிக்கடைகளில் தொங்கவிட்டார். வாரம் ஒரு பாக்கெட் போதும். ஊறவைப்பதும் அரைப்பதும் சலிப்பதும் மிச்சம். வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அம்மாவின் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்கிற வாய்ப்பு அதோடு போயிற்று. எவ்வளவு பொடி, எவ்வளவு தண்ணீர், எப்போது அலசுவது என்பதெல்லாம் இன்று முதலிலிருந்து படிக்க வேண்டியிருக்கிறது.

சீயக்காய் எப்படிக் கழுவுகிறது

சீயக்காயிலும் பூந்திக்கொட்டையிலும் இருப்பது சப்போனின் என்கிற பொருள். அதன் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை தண்ணீரைப் பிடிக்கும். ஷாம்பூவில் உள்ள சல்ஃபேட் வகைப் பொருள்களும் இதே வேலையைத்தான் செய்கின்றன, ஆனால் பல மடங்கு வேகத்தில். காசளவு ஷாம்பூ, கிண்ணம் நிறைய எண்ணெயைக்கூட வாரிக்கொண்டு போய்விடும். சீயக்காய்க்கு அந்த வலு கிடையாது. கொஞ்ச எண்ணெயைத்தான் எடுக்கும். அதற்கும் நேரமும் விரல் தேய்ப்பும் வேண்டும். நுரையும் குறைவு. நுரை வரவில்லையே என்று மேலும் மேலும் பொடியை அள்ளிப் போடுவதுதான் புதியவர்கள் எல்லோரும் விழுகிற பள்ளம்.

இன்னொரு நல்ல சேதி உண்டு. உச்சந்தலைத் தோல் லேசான அமிலத்தன்மை கொண்டது, அதன் பி.எச். அளவு சுமார் 5.5. சீயக்காய்க் கரைசலும் அமிலப் பக்கம்தான். குளியல் சோப்போ காரப் பக்கம், 9, 10 வரை போகும். சோப்பால் தலை கழுவினால் முடி சொரசொரப்பாவது இதனால்தான். போர்வெல் உப்புத் தண்ணீரில் சோப்பு திரிந்து முடியில் வெள்ளையாக ஒட்டிக்கொள்ளும். சீயக்காய் அப்படித் திரியாது. ஆகவே "சீயக்காய் சோப்பு" வாங்கினால் நீங்கள் சோப்புதான் போடுகிறீர்கள். "சீயக்காய் ஷாம்பூ" என்பதும் பெரும்பாலும் சீயக்காய்ச் சாறு கொஞ்சம் சேர்த்த ஷாம்பூதான். வாங்குமுன் பின்பக்க எழுத்தைப் படியுங்கள்.

யாருக்கு எது

நாட்டு மருந்துக் கடையில் நின்றால் பத்துப் பொருள் காட்டுவார்கள். தொடக்கத்தில் அத்தனையும் வேண்டாம்.

சீயக்காய்: சாதாரண முடிக்கும் எண்ணெய்ப் பசையுள்ள முடிக்கும் இதுதான் அடிப்படை. மலைக்காடுகளில் கொடியாகப் படரும் முள்செடியின் காய். நல்ல காய் செம்பழுப்பு நிறத்தில், சுருக்கத்தோடு, உடைத்தால் 'டக்' என்று முறியும். வண்டு துளைத்த ஓட்டை இருந்தாலோ, கையில் எடுக்கும்போதே தூள் கொட்டினாலோ விட்டுவிடுங்கள்.

அரப்பு: உசிலை மரத்தின் இலையைக் காயவைத்து இடித்த பச்சைத் தூள். ஈரோடு, கோவைப் பக்கம் எண்ணெய்க் குளியல் என்றாலே அரப்புதான். எண்ணெயை உறிஞ்சி எடுப்பதில் சீயக்காயைவிட இதற்குக் கை அதிகம் என்பது என் அனுபவம். குளிர்ச்சியாகவும் இருக்கும். மணம் எல்லோருக்கும் பிடிக்காது; பச்சிலை வாடை தூக்கலாக வரும். நன்றாகச் சலிக்காத அரப்பு முடியில் திப்பி திப்பியாக நிற்கும்.

பூந்திக்கொட்டை: பட்டுச் சேலைக்கும் நகைக்கும் போடுகிற அதே கொட்டை. நுரை நன்றாக வரும், அழுக்கும் நன்றாகப் போகும், கூடவே முடியும் வறண்டுவிடும். தனியாகப் பயன்படுத்த வேண்டாம். சீயக்காயோடு பத்தில் ஒரு பங்கு போதும். உள்ளே இருக்கும் கறுப்பு விதையை எடுத்துவிட்டு மேல்தோலை மட்டும் சேர்க்க வேண்டும்.

செம்பருத்தி இலை, வெந்தயம்: இவற்றின் வேலை வழவழப்புக் கொடுப்பது. சுருட்டை முடி, வறண்ட முடி உள்ளவர்களுக்கு இவை இல்லாமல் சீயக்காய் சரிப்படாது. எண்ணெயே வைக்காத நாளில் செம்பருத்தி இலையை மட்டும் தண்ணீர்விட்டு அரைத்து, வடிகட்டித் தேய்த்து அலசினாலே போதும்.

பயத்தமாவு: குழந்தைகளுக்கும், சீயக்காய் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும்.

இணையத்தில் சுற்றும் சமையல் சோடா, வினிகர் முறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். சோடா காரப் பொருள். முடியின் மேற்செதில்களை எழுப்பிவிட்டுச் சிக்காக்கும். அதைச் சரிசெய்யத்தான் பிறகு வினிகர் ஊற்றச் சொல்கிறார்கள். சீயக்காய் கிடைக்கிற ஊரில் இந்த வேலை எதற்கு? எலுமிச்சைச் சாற்றை நேராகத் தலையில் தேய்ப்பதும் வேண்டாம். அமிலம் மிக அதிகம், அதோடு வெயிலில் போனால் சிலருக்குத் தோல் புண்ணாகும்.

தொடங்கும் முன் இரண்டு வேலை

முதலாவது, ஒவ்வாமைப் பரிசோதனை. கொஞ்சம் கரைசலை முழங்கை மடிப்பிலோ காதுக்குப் பின்னாலோ தடவி, சிறிது நேரம் கழித்துக் கழுவிவிட்டு, ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். அரிப்போ தடிப்போ வந்தால் அந்தப் பொருள் உங்களுக்கு இல்லை. இயற்கையானது என்பதால் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளும் என்று கிடையாது.

இரண்டாவது, கண்டிஷனர் போடாமல் ஷாம்பூவால் ஒருமுறை நன்றாகத் தலை அலசுவது. கண்டிஷனர்களிலும் சீரங்களிலும் உள்ள சிலிக்கோன் முடிமேல் மெல்லிய பூச்சாக நிற்கும். அந்தப் பூச்சைச் சீயக்காயால் எளிதில் எடுக்க முடியாது. பூச்சு போன பின் முடி முரடாகத் தெரியும். அதுதான் உங்கள் முடியின் உண்மையான நிலை, அங்கிருந்து தொடங்குவோம்.

முதல் மாதம்: அரைக்கவே வேண்டாம்

புதியவர்களுக்கு நான் பொடியைப் பரிந்துரைப்பதில்லை. முழுக் காயை வேகவைத்து வடித்த தண்ணீரில் தொடங்குங்கள். திப்பி ஒட்டாது, சாக்கடை அடைக்காது, எவ்வளவு நீர்க்க இருக்க வேண்டும் என்பதும் கைக்குப் புரியும்.

தோள்வரை முடி உள்ளவருக்கு எட்டுப் பத்துக் காய் போதும். இடுப்புவரை என்றால் இரட்டிப்பு. காயைக் கழுவி ஒன்றிரண்டாக உடைத்து, ஒரு தேக்கரண்டி வெந்தயத்தோடு மூன்று டம்ளர் தண்ணீரில் இரவே ஊறப்போடுங்கள். எவர்சில்வர் பாத்திரம் நல்லது. காலையில் அதே தண்ணீரோடு சிறு தீயில் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் கையால் பிசைந்து மெல்லிய பருத்தித் துணியில் வடிகட்டுங்கள். பழுப்பு நிறத்தில், ரசத்தைவிடச் சற்றே கனமாக இருந்தால் பதம் சரி. மிச்சமிருந்தால் ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள் வைக்கலாம். வெளியே வைத்தால் புளித்து நாறும்.

எண்ணெய்: எல்லாத் தோல்வியும் இங்கேதான்

வழிய வழிய எண்ணெய் வைப்பது நல்ல பழக்கம் என்று நமக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். அப்படி வைத்த காலத்தில் அரப்பையோ சீயக்காயையோ இரண்டு மூன்று முறை போட்டு, தேய்த்துவிட இன்னொருவர் கையும் இருந்தது. தனியாகக் குளிக்கிற நீங்கள் அந்த அளவு வைத்தால் எடுக்க முடியாது.

முதல் நான்கைந்து முறை எண்ணெய் இல்லாமலே சீயக்காய் போட்டுப் பழகுங்கள். தலையில் இயல்பாக ஊறும் எண்ணெய்ப் பசையே கைக்குப் போதுமான பாடம். அது சுத்தமாகப் போகிற அளவுக்குக் கை தேர்ந்த பிறகு, இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது தேங்காய் எண்ணெயை இளஞ்சூட்டில் விரல்நுனியால் உச்சந்தலையில் தொட்டுத் தொட்டு வைத்து, அரைமணி நேரம் கழித்துக் குளியுங்கள். எண்ணெய் வைத்த தலையைக் கரைசல் போடுமுன் வெந்நீரால் நனைத்துக் கையால் வழித்துவிட்டால் பாதி எண்ணெய் அப்போதே போய்விடும்.

பொடுகு உள்ளவர்கள் இரவு முழுக்க எண்ணெய் ஊறவைக்க வேண்டாம். பொடுகோடு தொடர்புடைய மலசீசியா என்கிற பூஞ்சை எண்ணெய்ப் பசையைத் தின்றே வளர்கிறது. "வறட்சியாலதான் பொடுகு, எண்ணெய் வை" என்று வீட்டில் சொல்வார்கள். தலைத்தோல் சிவந்து, மஞ்சளாகச் செதில் உதிர்ந்தால் அது எண்ணெயால் தீராது. தோல் மருத்துவர் கீட்டோகோனசோல் ஷாம்பூ எழுதிக் கொடுத்திருந்தால் அது மருந்து. அதை நிறுத்தாதீர்கள், மற்ற நாளில் சீயக்காய் போடலாமா என்று அவரையே கேளுங்கள்.

குளிக்கும் நாள்

1. உலர்ந்த முடியிலேயே சிக்கெடுத்துவிடுங்கள். அகலப் பல் சீப்பு, நுனியிலிருந்து மேலாக. ஈரமான முடி இழுத்தால் அறும்.

2. தலையை வெதுவெதுப்பான தண்ணீரில் தொப்பலாக நனையுங்கள். உச்சி நனைந்தால் போதாது. பிடரியில் கைவிட்டுப் பாருங்கள், அங்கே உலர்ந்திருக்கும். எண்ணெய் போகாமல் கடைசிவரை நிற்கும் இடமும் பிடரிதான்.

3. கரைசலை இரண்டாகப் பிரித்து வையுங்கள். முதல் பாதியைச் சிறுகச் சிறுக உச்சந்தலையில் ஊற்றி, நகம் படாமல் விரல்நுனியால் வகிடு வகிடாகத் தேயுங்கள். இரண்டு மூன்று நிமிடம் ஆகட்டும். தேய்ப்பது தோலைத்தான். முடியைச் சுருட்டிக் கசக்கினால் சிக்கு விழும். மேலிருந்து வழிகிற கரைசலே நீளத்துக்குப் போதும்.

4. கண் பத்திரம். சீயக்காய் கண்ணில் பட்டால் மிளகாய் போல எரியும். தலையைப் பின்னால் சாய்த்துக்கொள்ளுங்கள், அல்லது நெற்றியில் மடித்த துணியை இறுகக் கட்டிக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் கசக்காமல் சுத்தமான தண்ணீரைக் கண்ணில் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். அதன் பிறகும் எரிச்சலோ மங்கலோ இருந்தால் கண் மருத்துவரிடம் போக வேண்டும்.

5. ஒருமுறை அலசிவிட்டு, மீதிப் பாதியை ஊற்றித் திரும்பவும் தேயுங்கள். முதல் முறை எண்ணெய் போகும், இரண்டாம் முறைதான் தலை சுத்தமாகும்.

6. இப்போது அலசல். தோள்வரை முடிக்கு முக்கால் வாளி, நீள முடிக்கு ஒரு முழு வாளி. விரலால் முடியைப் பிரித்துப் பிரித்து ஊற்றுங்கள். ஷாம்பூ போட்டு அலசுவதைவிட இரண்டு பங்கு நேரம் பிடிக்கும்; இதில் சுருக்குவழி கிடையாது. கடைசிச் சொம்பு பச்சைத் தண்ணீராக இருக்கட்டும்.

7. பருத்தித் துண்டால் ஒற்றி எடுங்கள், உதறி அடிக்க வேண்டாம். துண்டில் பழுப்புக் கறை விழும் என்பதால் பழைய துண்டு போதும். கூந்தல் காயும்வரை பின்னல் போடாதீர்கள். ஈரத்தோடு முடிந்து வைத்தால் வாடை வரும். சாம்பிராணி போடுவது உங்கள் விருப்பம். வீட்டில் மூச்சிரைப்பு உள்ளவர் இருந்தால் தவிர்ப்பது நல்லது.

குளியலறைத் தரையை உடனே தேய்த்துக் கழுவிவிடுங்கள். எண்ணெயும் சீயக்காயும் கலந்த தரை கடுமையாக வழுக்கும். அடுத்துக் குளிக்கப் போவது வயதானவர் என்றால் இது உங்கள் பொறுப்பு.

வாரம் ஒருமுறை, அதிகம் போனால் இருமுறை போதும். சென்னை வெயிலில் தினம் வியர்க்கிறதே என்றால், இடைப்பட்ட நாளில் வெறும் தண்ணீரால் தலையைத் தேய்த்து அலசுங்கள். வியர்வையின் உப்பு தண்ணீரிலேயே கரைந்துவிடும்.

இரண்டாம் மாதம்: பொடி

கரைசல் கைக்குப் பழகிய பிறகு பொடி அரைக்கலாம். நான் சொல்லும் அளவு: சீயக்காய் ஒரு கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 150 கிராம், விதை நீக்கிய பூந்திக்கொட்டை 100 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், நிழலில் உலர்த்திய செம்பருத்தி இலையும் பூவுமாக இரண்டு கைப்பிடி, கறிவேப்பிலை ஒரு கைப்பிடி. வறண்ட முடி என்றால் பூந்திக்கொட்டையை விட்டுவிட்டு வெந்தயத்தைக் கூட்டுங்கள். பூலாங்கிழங்கு வாசனைக்காகத்தான்; கிடைக்காவிட்டால் கவலையில்லை.

மாசி முதல் வைகாசி வரை அடிக்கிற வெயிலில் இரண்டு மூன்று நாள் காயப்போடுங்கள். ஈரப்பதம் இருந்தால் மில்லில் சுற்றாது, பொடியும் சீக்கிரம் வண்டு பிடிக்கும். எல்லா மாவு மில்லிலும் அரைத்துத் தரமாட்டார்கள். மிளகாய்க்கும் மாவுக்கும் ஓடுகிற மெஷினில் சீயக்காய் போட்டால் அடுத்தவர் மாவு கசந்துபோகும். சீயக்காய்க்குத் தனி மெஷின் இருக்கிறதா, எந்தக் கிழமை ஓட்டுவார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். மிளகாய் அரைத்த மெஷினில் வேண்டவே வேண்டாம், தலை எரியும். மில்லில் நிற்கும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், தும்மல் அடங்காது. வீட்டுக்கு வந்து சூடு ஆறப் பரப்பி, மெல்லிய சல்லடையில் அல்லது வெள்ளைத் துணியில் சலித்து, காற்றுப் புகாத டப்பாவில் அடையுங்கள். ஈரக்கை, ஈரக்கரண்டி போடக் கூடாது.

கரைக்க, சோறு வடித்த கஞ்சியைப்போலப் பொருத்தமானது வேறில்லை. வெதுவெதுப்பான வடிகஞ்சியில், தோள்வரை முடிக்கு இரண்டு மேசைக்கரண்டி பொடியைப் போட்டுக் கட்டியில்லாமல் கரைத்து, இருபது நிமிடம் ஊறவிடுங்கள். கஞ்சியின் வழவழப்பில் பொடி முடியை உரசாமல் போகும், அலசும்போதும் எளிதில் கழன்றுவிடும். பதம் மோர் அளவு இருக்கட்டும். இட்லி மாவுபோல் கெட்டியாகப் பூசினால் பிறகு ஒரு மணி நேரம் அலச வேண்டியிருக்கும். குக்கரில் சோறு வைக்கிற வீடு என்றால், ஒரு கரண்டி அரிசி மாவை இரண்டு டம்ளர் தண்ணீரில் காய்ச்சிக்கொள்ளுங்கள். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பொடிக் கரைசலையும் துணியில் வடித்துவிட்டுப் பயன்படுத்துவது குழாய்களுக்கு நல்லது.

தடுமாறும்போது

"தலை பழகுவதற்கு ஆறு வாரம் ஆகும்" என்று சொல்வார்கள். அதில் ஒரு பகுதி பழைய பூச்சு முழுதாகக் கழன்று முடியின் சொந்தத் தன்மை தெரிவது. மறுபகுதி உங்கள் கை பழகுவது. அதனால் பிசுபிசுப்பைப் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுக்க வேண்டியதில்லை, காரணத்தைத் தேடுங்கள்.

காய்ந்த பிறகும் பிடரியும் காதோரமும் ஒட்டினால் எண்ணெய் அதிகம், அல்லது இரண்டாம் முறை தேய்க்கவில்லை. முடி முழுக்க மெழுகு தடவியதுபோல் இருந்தால் அலசியது போதவில்லை. நாராக விறைத்து நின்றால் கரைசல் கெட்டி, அல்லது பூந்திக்கொட்டை கூடுதல். வெந்தயம் சேர்த்துப் பாருங்கள். சீவும்போது தூள் கொட்டினால் சலித்தது சரியில்லை. முடி உதிர்வதைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் அதிகம். நாளுக்கு ஐம்பதிலிருந்து நூறு முடி உதிர்வது இயல்பு. வாரம் ஒருமுறை தலைக்குக் குளித்தால் உதிர்ந்து சிக்கி நின்ற முடியெல்லாம் அன்று ஒன்றாக வரும். ஆனால் திட்டுத்திட்டாகக் கொட்டினாலோ வகிடு அகன்றுகொண்டே போனாலோ அதைச் சீயக்காயால் சரிக்கட்ட முடியாது. இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு போன்றவற்றைப் பார்க்க மருத்துவரிடம் போக வேண்டும். சீயக்காய் தலையைக் கழுவும். முடியை வளர்க்கும், நரையைக் கறுக்க வைக்கும் என்றெல்லாம் சொல்லி விற்பவர்களை நம்பாதீர்கள்.

சாயம் போட்ட முடியில் கவனம் வேண்டும். நிறம் சீக்கிரம் மங்கலாம், பிளீச் செய்த முடி மேலும் வறளலாம். கைக்குழந்தைகளுக்குச் சீயக்காயும் பூந்திக்கொட்டையும் வேண்டாம். தலையில் புண் ஆறும்வரை பெரியவர்களும் நிறுத்திவைக்க வேண்டும்.

அலசிய தண்ணீர் வாழைக்கும் தென்னைக்கும் போகலாம். குளத்திலோ மீன் விட்ட தொட்டியிலோ கலக்க விடாதீர்கள், சப்போனின் மீன்களுக்கு நஞ்சு.

விடுதியில் இருப்பவர்களும் வெளிநாட்டில் இருப்பவர்களும் பொடியைக் கொதிநீரில் போட்டு மூடிவைத்து, காப்பி வடிகட்டும் தாளில் வடித்துக்கொள்ளலாம், அடுப்பு வேண்டியதில்லை. முடி குட்டையாக உள்ளவர்களுக்கு அரை டம்ளர் கரைசலும் ஐந்து நிமிடமும் போதும் என்பதால், வீட்டில் யாராவது தயங்கினால் அவர்களிடமிருந்தே தொடங்கலாம். பயணத்திலோ கல்யாண வீட்டிலோ ஒருநாள் ஷாம்பூ போட நேர்ந்தால் போட்டுக்கொள்ளுங்கள். அடுத்த வாரம் திரும்பவும் காயை ஊறப்போட்டால் சரி.